ரங்கப்பிள்ளையும் நம் வீட்டு நோட்டுகளும்



எழுதுகிற பழக்கமுள்ள ஒருவரைக் கண்டால் நாம் முதலில் கேட்பது, "எத்தனை புத்தகம் போட்டிருக்கிறீர்கள்?" என்றுதான். "ஒன்றும் போடவில்லை" என்று பதில் வந்துவிட்டால் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. பேச்சு வெயிலுக்கோ மழைக்கோ மாறிவிடும். அவர் நாற்பது வருஷமாக எழுதிக்கொண்டிருக்கலாம். எழுதாத நாளில் அவருக்குச் சாப்பாடு இறங்காமல் இருக்கலாம். அதையெல்லாம் நாம் கேட்பதே இல்லை. அந்த நேரத்தில் அவர் முகம் சுருங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வியை நாம் விட்டுவிட வேண்டும் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். அதைச் சொல்லப் புதுச்சேரியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. ஏறக்குறைய 24 ஆண்டுகள் தமிழில் நாட்குறிப்பு எழுதி, அதிலிருந்து ஒரு பக்கத்தைக்கூட நூலாக்காமல் கண்ணை மூடிய ஒருவர் இந்த ஊரில்தான் வாழ்ந்தார். அவர் பெயரில் உள்ள தெருவைத் தாண்டித்தான் உங்களில் பலர் இங்கே வந்திருப்பீர்கள்.

ஆனந்தரங்கப் பிள்ளை 1709 மார்ச் 30 அன்று சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். அப்பா திருவேங்கடம் பிள்ளை. மாமன் நைனியப்பப் பிள்ளை இங்கே பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷி. அவரை நம்பித்தான் இந்தக் குடும்பம் புதுச்சேரிக்கு வந்தது. துபாஷி என்றால் மொழிபெயர்ப்பவர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கும்பினிக்குத் துணி கொள்முதல் செய்து தருவது, வியாபாரிகளிடம் முன்பணம் கொடுத்து வசூலிப்பது, நவாபுகளுக்குக் கடிதம் எழுதுவது, ஊர்ச் சண்டைகளைத் தீர்ப்பது என்று எல்லாம் அவர் தலையில்தான். வெள்ளைக்காரக் குவர்னருக்கும் இந்த மண்ணுக்கும் நடுவே நிற்கிறவர் அவர். அப்படி நின்ற நைனியப்பரை 1716-இல் கைது செய்தார்கள். மறு ஆண்டு சிறையிலேயே இறந்தார். அவர் மகன் குருவப்பர் பிரான்ஸ் வரை போய் நீதி கேட்டார். கடைசியில் தீர்ப்பு மாற்றப்பட்டது, ஆனால் அதைக் கேட்க நைனியப்பர் உயிரோடு இல்லை. இதெல்லாம் நடந்தபோது ரங்கப்பிள்ளை சின்னப் பையன்.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏன் எழுதத் தொடங்கினார் என்ற கேள்விக்கு ஆராய்ச்சியாளர்கள் பல பதில்கள் தருகிறார்கள். வணிகக் குடும்பத்தின் கணக்குப் பழக்கம் என்பார்கள், கும்பினி அலுவலகப் பழக்கம் என்பார்கள். இரண்டும் சரிதான். என் மனசுக்குப் படுவது வேறொன்று. யார் என்ன சொன்னார்கள், எந்த நாளில், யார் எதிரில் சொன்னார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லாமல் போனால் ஒரு பெரிய மனிதனையே அழித்துவிடலாம் என்பதைச் சிறு வயதில் வீட்டுக்குள்ளேயே பார்த்த பிள்ளை அவர். அந்தப் பயம் ஒருவனை வாழ்நாள் முழுக்க எழுத வைக்கும். எழுதத் தொடங்கிய பிறகு பயம் போய்ப் பிரியம் வந்து உட்கார்ந்திருக்கும். நாட்குறிப்பைப் படிக்கிறவர்களுக்கு அந்தப் பிரியம் தெரியும். வெறும் ஆதாரத்துக்காக எழுதுகிறவன் இவ்வளவு எழுதமாட்டான்.

நமக்குக் கிடைத்திருக்கும் குறிப்புகள் 1736 செப்டம்பர் 6-ஆம் தேதி தொடங்குகின்றன. நள வருஷம், ஆவணி மாதம். அப்போது அவருக்கு 27 வயது. கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும், கப்பல் வருவதையும் போவதையும், ஊரில் புதிதாக நடப்பதையும் எழுதப் போகிறேன் என்கிற அளவில்தான் தன் வேலையைச் சொல்லிக்கொள்கிறார். யாருக்காக எழுதுகிறார் என்று சொல்லவில்லை. அவையடக்கம் கிடையாது. புரவலர் பெயர் கிடையாது. கடவுள் வாழ்த்துப் பாடி, தன் புலமையைக் குறைத்துச் சொல்லி, கற்றோரிடம் மன்னிப்புக் கேட்டு நூலைத் தொடங்குகிற நம் மரபு அவருக்குத் தெரியாததில்லை. அவர் வீட்டுத் திண்ணையில் புலவர்கள் காத்திருந்த காலம் அது. அந்த மரபில் எதையும் இங்கே அவர் கொண்டுவரவில்லை. இது நூல் என்று அவர் நினைக்கவே இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிறகு எழுதியதைப் பாருங்கள். காலையில் குவர்னர் வீட்டுக்குப் போனது, குவர்னர் கோபமாக இருந்தது, அங்கிருந்து பாக்குக் கிடங்குக்கு வந்து உட்கார்ந்தது, அங்கே யார் யார் வந்து என்ன பேசினார்கள் என்பது. துய்ப்ளேக்ஸ் 1742-இல் குவர்னராக வந்து சேர்கிறார். 1746-இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லபூர்தொனே சென்னையைப் பிடிக்கிறார். பிடித்த ஊரை என்ன செய்வது என்பதில் அந்த இருவருக்கும் நடந்த சண்டையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் ரங்கப்பிள்ளை. 1748-இல் பொஸ்காவன் தலைமையில் ஆங்கிலேயர் நம் ஊரை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியது, 1750-இல் ஹைதராபாத் நிஜாம் நாசிர் ஜங் கொல்லப்பட்டது, 1754-இல் துய்ப்ளேக்ஸ் திருப்பி அழைக்கப்பட்டது எல்லாம் வரிசையாக வருகின்றன. இவற்றோடு சேர்த்தே ஜாதகம், கனவு, சகுனம், உடம்பு வலி, சரக்கு விலை, எத்தனை பீரங்கி போட்டு மரியாதை செய்தார்கள் என்ற எண்ணிக்கை. பீரங்கிச் சத்தத்தை அவர் விட்டதே இல்லை. யாருக்கு எத்தனை என்று எழுதிவிடுவார். அதில்தான் ஒவ்வொருவரின் அந்தஸ்தும் அன்று அளக்கப்பட்டது.

மாணவர்கள் இருக்கிறீர்கள், ஒன்றைக் கவனியுங்கள். இந்த எழுத்தில் தமிழ் எப்படி இருக்கிறது? அன்று பாக்குக் கிடங்கில் பேசிய தமிழ் அப்படியே இருக்கிறது. பாரசீகச் சொல், போர்த்துக்கீசியச் சொல், பிரெஞ்சுச் சொல், தெலுங்குச் சொல், சமஸ்கிருதச் சொல் எல்லாம் தாராளமாக வந்து போகின்றன. ஒரு வாக்கியம் தொடங்கினால் மூச்சு முட்டும்வரை போகிறது. எதிராளி பேசியதை அவன் பேசிய தினுசிலேயே எழுதுகிறார். 18-ஆம் நூற்றாண்டில் இந்த ஊரின் ஒரு பெரிய மனிதர் தன் வீட்டில் எப்படிப் பேசியிருப்பார் என்று நாம் காதால் கேட்கிற அளவுக்கு இருக்கிறது.

இப்போது நான் இன்று சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இது நூலாகும் என்று நினைத்திருந்தால் ரங்கப்பிள்ளை இப்படி எழுதியிருக்கவே மாட்டார். அந்தக் காலத்தில் மதிப்புள்ள நூல் என்றால் செய்யுள். கோவையோ கலம்பகமோ பிள்ளைத்தமிழோ எழுத வேண்டும், அல்லது எழுதுவிக்க வேண்டும். எழுதுவிக்கும் வசதி அவருக்கு நிறையவே இருந்தது. தியாகராச தேசிகர் அவர்மேல் 'ஆனந்தரங்கன் கோவை' பாடினார். 1752-இல் சீனிவாச கவி சமஸ்கிருதத்தில் 'ஆனந்தரங்க விஜய சம்பு' எழுதினார். தெலுங்கில் கஸ்தூரி ரங்ககவி அவர் பெயரால் ஒரு யாப்பிலக்கண நூலே செய்தார். இந்தப் புலவர்களின் படிப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் அந்தக் கோவையில் நீங்கள் புதுச்சேரியைத் தேடிப் பாருங்கள். தலைவன் இருப்பான், தலைவி இருப்பாள், தோழி இருப்பாள், பாட்டுடைத் தலைவனின் கொடை இருக்கும். முற்றுகை நாளில் குண்டு விழுந்த தெரு இருக்காது. கும்பினியாரிடம் வேலைக்கு அலைந்தவனின் முகம் இருக்காது. அவை அந்த நூலுக்கு வெளியே நின்றவை. ரங்கப்பிள்ளை யாருக்கும் காட்டாமல் எழுதியதால்தான் அவை எழுத்துக்குள் வந்தன. தமிழ் உரைநடையின் மிகப் பெரிய தொடக்கங்களில் ஒன்று, புத்தகம் என்ற நினைப்பே இல்லாத இடத்தில் நடந்தது. இதை நாம் இன்னும் முழுசாக மனசில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு இடத்தைச் சொல்கிறேன். 1748 செப்டம்பர். ஆங்கிலேயர் முற்றுகை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். இன்று நாம் சம்பா கோவில் என்று சொல்கிற மாதா கோவிலின் இடத்தை ஒட்டி அன்று வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. இன்றைக்கு ஈஸ்வரன் கோயில் தெருவில் இருப்பது பிறகு கட்டியது. பழைய கோயிலை அந்த நாளில் இடித்துப்போட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் ரங்கப்பிள்ளையிடம் ஓடி வந்தார்கள். அவர் அப்போது தலைமைத் துபாஷி. ஊரில் தமிழர்களுக்குள் அவருக்கு மேல் ஆள் கிடையாது. அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இதை அவர் மறைக்கவில்லை. வந்தவர்கள் என்ன கேட்டார்கள், தான் என்ன சொன்னார், அவர்களுக்குள்ளேயே எப்படி ஒற்றுமை இல்லாமல் போயிற்று, கோயிலுக்குள் என்ன நடந்ததாகச் செய்தி வந்தது என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் இதை எழுதவும் முடியாது சொல்லவும் முடியாது என்கிறார். எத்தனையோ போரை, மரணத்தை, துரோகத்தை எழுதிய கை அது. அங்கே வந்துதான் தடுமாறுகிறது. தலைமைத் துபாஷி என்ற நிலையில் இந்தத் துக்கத்தை அவர் யாரிடம் சொல்லியிருக்க முடியும்? குவர்னரிடமா? வாசல் புலவரிடமா? நோட்டு இருந்தது.

அவரை நான் தெய்வமாக்கவில்லை. கும்பினியின் லாபம்தான் தன் லாபம் என்று வாழ்ந்தவர். பதவிக்காக ஏங்கியவர். 1746-இல் தலைமைத் துபாஷி கனகராய முதலியார் இறந்த பிறகு அந்த இடம் தனக்குக் கிடைக்குமா என்று அவர் பட்ட பாடு நாட்குறிப்பு முழுக்க இருக்கிறது. தன்னைப் பிறர் புகழ்ந்ததை ஒரு சொல் விடாமல் எழுதி வைக்கிறார். சாதி மேட்டிமையும் உண்டு. இத்தனையும் நமக்குத் தெரிவது அவர் எழுதியதால்தான். வாசகனை நினைத்து எழுதியவராக இருந்தால் முதலில் மறைத்திருப்பது இவற்றைத்தான்.

அவரை இந்தியாவின் பெப்பீஸ் என்று சொல்வார்கள். லண்டனில் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பெப்பீஸ் 1660 முதல் 1669 வரை சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதினார். அது 1825-இல்தான் அச்சேறியது. ஒப்பீடு நல்லதுதான், ஆனால் ஒரு வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பெப்பீஸ் தன் நாட்குறிப்பை ஆறு தொகுதிகளாக பைண்டு செய்து, தன் நூலகத்தோடு சேர்த்து கேம்பிரிட்ஜ் கல்லூரிக்குப் போய்ச்சேரும்படி செய்துவிட்டுப் போனார். என்றோ ஒருநாள் ஒருவர் அலமாரியைத் திறந்து படிப்பார் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. ரங்கப்பிள்ளைக்கு அப்படி ஓர் ஏற்பாடும் இல்லை. வருஷக்கணக்கிலும் அவர் பெப்பீஸைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

அச்சு என்பது தெரியாத காலத்தவர், அதனால் புத்தகம் போடவில்லை என்று யாராவது சொல்லலாம். தரங்கம்பாடி இங்கிருந்து எவ்வளவு தூரம்? அங்கே அவர் பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே தமிழ் அச்சு வேலை தொடங்கிவிட்டது. நம் ஊரிலேயே குவர்னர் மாளிகையில் ஓர் அச்சுப்பொறி இருந்தது. 1761 ஜனவரி 16-ஆம் தேதி புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தபோது, தளபதி ஐர் கூட்டின் ஆட்கள் அதைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அது வேப்பேரியில் ஃபப்ரிசியுஸ் பாதிரியார் பொறுப்புக்கு வந்தது. அவருடைய தமிழ்-ஆங்கில அகராதி 1779-இல் வேப்பேரியிலிருந்துதான் வெளிவந்தது. ரங்கப்பிள்ளை அந்த வீழ்ச்சியைப் பார்க்கவில்லை. அதற்கு நான்கு நாள் முன்னால், ஜனவரி 12 அன்று இறந்துவிட்டார். பதவி 1756-லேயே போய்விட்டது. உடம்பும் கெட்டிருந்தது. முற்றுகையில் ஊரே சோற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. பதவி போன பிறகும், நோயிலும், குறிப்பு நிற்கவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். துபாஷி வேலைக்காக எழுதினார் என்றால் 1756-இலேயே நிறுத்தியிருக்கலாமே!

அதன் பிறகு அந்த நாட்குறிப்புக் கட்டுகள் என்ன ஆயின? ஊரின் வெள்ளையர் பகுதியையும் கோட்டையையும் வென்றவர்கள் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அந்த இடிபாட்டுக்கு நடுவே குடும்பம் அந்தக் கட்டுகளைக் காப்பாற்றியது. 1846-இல் கலுவா மோன்பிரேன் என்ற பிரெஞ்சு அதிகாரி அவற்றைக் கண்டு படியெடுத்தார். ஏரியேல் என்ற இன்னொருவர் எடுத்த படி பாரிஸ் போயிற்று. 1890-களில் சென்னை அரசாங்கம் தனக்கொரு நகல் எடுத்துக்கொண்டது. அதிலிருந்து 1904 தொடங்கி 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்தது. அந்தப் பன்னிரண்டும் ஆங்கிலம்தான்! தமிழன் தமிழில் எழுதியதைத் தமிழர்கள் ஆங்கிலத்தில் படித்த கதை இது. தமிழ் மூலம் இங்கே புதுச்சேரியில் 1948-இல்தான் அச்சாகத் தொடங்கியது. அவர் இறந்து 187 ஆண்டு கழித்து. 2019-இல் மு.ராஜேந்திரனும் அ.வெண்ணிலாவும் 12 தொகுதிகளாகப் பதிப்பித்துக் கொடுத்தார்கள். நடுவில் நம் பிரபஞ்சன் அந்தக் குறிப்புகளுக்குள் போய் உட்கார்ந்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று இரண்டு நாவல்கள் எழுதினார். இரண்டாவதற்கு 1995-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது வந்தது.

ரங்கப்பிள்ளையோடு இந்தப் பழக்கம் நின்றுவிடவில்லை என்பதும் நம் ஊரின் பெருமை. அவர் குடும்பத்தில் ரங்கப்ப திருவேங்கடம் பிள்ளை தொடர்ந்து எழுதினார், அவருக்குப் பின் முத்து விஜய திருவேங்கடம் பிள்ளை எழுதினார். காவல் பொறுப்பில் இருந்த இரண்டாம் வீரா நாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதினார். பிரெஞ்சுப் புரட்சியின் செய்தி கப்பலேறி வந்து இந்த ஊரை ஆட்டியதைத் தமிழில் படிக்க வேண்டுமானால் அவரிடம்தான் போக வேண்டும். இவர்களில் ஒருவரும் தன்னை எழுத்தாளர் என்று சொல்லிக்கொண்டதில்லை.

இந்த வரிசை முடிந்துபோனதாக நான் நினைக்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். மில்லில் வேலை பார்த்தவர். வருஷப் பிறப்புக்குக் கடைக்காரர்களும் இன்சூரன்ஸ்காரர்களும் கொடுக்கும் டைரிகளை வாங்கி வைத்து, நீல மையில் நாள் தவறாமல் எழுதுவார். அவர் இறந்த பிறகு சில வருஷத்து டைரிகள் எடைக்குப் போய்விட்டன. மீதியை மருமகள் எடுத்து வைத்திருந்தார். பேரப்பிள்ளைகள் பிறந்த நேரம் அதில் இருந்தது, ஜாதகம் கணிக்க வேண்டியிருந்தது என்பதுதான் காரணம். மருமகளின் அனுமதியோடு நான் அவற்றைப் படித்தேன். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் எந்தெந்த ஊர்ச் சாமி எத்தனை மணிக்கு வந்தது என்று ஒவ்வொரு வருஷமும் எழுதியிருக்கிறார். மயிலம் முருகன் தாமதமாக வந்த வருஷத்தில் அதற்குக் காரணமும் இருக்கிறது. மில் சங்கு ஊதாத முதல் நாளில் மணி பார்க்க முடியாமல் தெருப் பெண்கள் சமையலில் திண்டாடியதை எழுதியிருக்கிறார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததல்லவா? அன்றைய பக்கத்தில் அவர் எழுத்து கோணல் மாணலாக இருக்கிறது. மின்சாரம் இல்லாமல் மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதியிருக்கிறார். எந்த வீட்டு ஓடு எந்த வீட்டு முற்றத்தில் விழுந்தது, எந்த முருங்கை சாய்ந்தது, யார் வீட்டில் யார் தங்கினார்கள் என்று தெருவையே எழுதி வைத்திருக்கிறார். அடுத்த நாட்களில் குடிதண்ணீர் வண்டி வந்த நேரங்கள். ரங்கப்பிள்ளை பீரங்கி எண்ணியதைப் போலத்தான் இவர் தண்ணீர் வண்டியை எண்ணியிருக்கிறார்.

அந்தப் பெரியவரிடம் ஒருமுறை கேட்டேன், "ஐயா, இதையெல்லாம் புத்தகமாகப் போடலாமே?" என்று. "எதுக்குப்பா? எழுதினாத்தான் எனக்கு அந்த நாள் முடிஞ்சுதுன்னு இருக்கும்" என்றார். நான் படித்த இலக்கியக் கோட்பாடுகள் எதிலும் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எழுதுவது அவருக்கு ஒரு நாளை வாழ்ந்து முடிப்பதன் பாகமாக இருந்தது. அச்சகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

புத்தகம் போடுவதை நான் குறை சொல்லவில்லை. வாசகன் வேண்டும் என்ற ஆசை இயல்பானது, நல்லது. என் வருத்தமெல்லாம், ஓய்வூதியப் பணத்தை எடுத்து அச்சடித்து, விற்காத கட்டுகளைப் பார்த்துப் பார்த்து மனசு உடைந்து, அதோடு பேனாவையே மூடி வைத்துவிட்டவர்களைப் பற்றியது. அப்படிச் சிலரை எனக்குத் தெரியும். அருமையாக எழுதக்கூடியவர்கள். விற்காமல் போனது அந்த அச்சடித்த கட்டு. அவர்கள் எழுத்துக்கு என்ன குறை வந்தது? அவர்களில் யாராவது இந்த அவையில் இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், இன்று இரவே ஒரு பக்கமாவது எழுதுங்கள்.

கடைசியாக ஒரு வேலை சொல்லிவிட்டு முடிக்கிறேன். வீட்டில் அப்பா, அம்மா, தாத்தா, ஆயா எழுதிய நோட்டு எது இருந்தாலும் எடைக்குப் போடாதீர்கள். பால் கணக்கு நோட்டாக இருந்தாலும் சரி, சீட்டுக் கணக்கின் பின்பக்கமாக இருந்தாலும் சரி. முதல் பக்கத்தில் எழுதியவர் பெயர், ஊர், தெரு, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை என்று நீங்கள் எழுதிச் சேருங்கள். அந்த விவரம் இல்லாத கையெழுத்துப் பிரதியோடு ஆராய்ச்சியாளர்கள் படும் அவஸ்தை பெரிது. அதில் வரும் புனைபெயர்களும் வீட்டுச் செல்லப் பெயர்களும் யாருடையவை என்று தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஈரம் படாத, கரையான் ஏறாத இடத்தில் வையுங்கள். கைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, இரண்டு பேரிடம் ஒப்படையுங்கள். குடும்பத்துக்கு மறைக்க வேண்டிய விஷயம் இருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல், இத்தனை வருஷம் கழித்துத் திறக்கலாம் என்று எழுதி உறையில் போட்டு ஒட்டுங்கள். மாணவர்கள் இதை இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம். படிக்க முடியாத கையெழுத்து வந்தால் என்னிடம் கொண்டு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.